மாமன் மரம்

முக்காட்டு மலையில் பங்குனி மாதம் பிடித்த தீ ஒன்பது நாள் எரிந்து பத்தாம் நாள் அணைந்தபோது மரங்கள் போய்விட்டன, நிழல்கள் மட்டும் அப்படியே இருந்தன. இதை முதலில் பார்த்தவள் கண்ணூத்துக்குடியின் தவசியம்மா. கோடைக்குக் கோடை தீக்காவலுக்கு வனத்துறை கூலிக்கு எடுக்கும் ஐந்து மலைக்குடிப் பளியர்களில் அவளும் ஒருத்தி. ஒன்பது நாளும் பச்சைத் தழையால் தீயை அடித்து அடித்து, கை இரண்டும் கொப்பளித்து, புருவம் பொசுங்கி, குடிக்குத் திரும்புகிற வழியில் களைப்புத் தாங்காமல் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்து, அப்பாடா என்று நிமிர்ந்த பிறகுதான் மேலே நாவல் மரம் இல்லை என்று தெரிந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கரிக்கட்டை நின்றது. அதன் காலடியிலிருந்து கிளை கிளையாக, இலை இலையாக, காற்றுக்கு அசைந்துகொண்டு முழு நாவல் மரத்தின் நிழல் கிடந்தது. தவசியம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, இதாவது மிஞ்சியதே என்று சேலைத் தலைப்பை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.

மறுநாள் குடியே மேலேறிப் போய்ப் பார்த்தது. இருபத்துமூன்று வீட்டு ஆட்களும் அவரவர் மரத்தைத் தேடிப் போய், கரிக்கட்டையைப் பார்த்து அழுது, அழுதுகொண்டே நிழலில் உட்கார்ந்து, நிழல் குளிர்ச்சியாக இருக்கவே அழுகையை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. ஆடுகள் உச்சி வெயிலில் நிழலுக்கு வந்து படுத்தன. குரங்குகள் தரையில் விழுந்த கிளைநிழல்களின் மேலேயே கவனமாக நடந்து, கிளை முடிகிற இடத்தில் அடுத்த மரத்தின் நிழலுக்குத் தாவின. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தவர்கள், ஏதோ பெரிதாக இருக்கும் என்று வந்தால் வெறும் நிழல்தானே என்று முகம் சுளித்து, அந்த நிழலிலேயே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புளி காயப்போடுகிற பெண்கள் மட்டும் நிழல் நகர நகரப் பாயை இழுத்துக்கொண்டே திரிய வேண்டியிருந்தது, ஆனால் அது மரம் இருந்த காலத்திலும் உள்ள பாடுதான்.

கண்ணூத்துக்குடிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஊர்நாட்டில் தாய்மாமன் மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். இந்தக் குடியில் ஒரு மரத்தின் வேர்மடியில் வைத்துக் குத்துவார்கள், அன்றிலிருந்து அந்த மரம்தான் பிள்ளைக்கு மாமன். மாமனாகிவிட்டால் சீர் செய்யாமல் முடியுமா? நாவல் மாமன் பழம் தரும், வேங்கை மாமன் நெற்றிக்குப் பொட்டுத் தரும், ஒன்றுமில்லாத மாமன் நிழலாவது தரும். இதற்குக் கைம்மாறாகப் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமன் பெயரைத் தன் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் முறை முறிந்துபோகும், அந்த நிழல் சொன்னவர் மேல் விழாது. முன்னொரு காலத்தில் கொம்பையன் என்று ஒருவர் தேன் மயக்கத்தில் மாமன் பெயரை உளறிவிட்டு, அடர்ந்த காட்டுக்குள்ளும் தன் தலையில் மட்டும் சுள்ளென்று வெயிலடிக்க, சாகிற வரைக்கும் தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டு அலைந்தார் என்பார்கள். அடுத்தவர் மாமன் பெயரை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்குத் தடை கிடையாது.

நிழல் இருந்தது, தண்ணீர்தான் இல்லாமல் போயிற்று. குடிக்கு மேலே பாறை இடுக்கில் பிறந்து, குடிக்கும் கீழே மூன்று கண்மாய்களுக்கும் படியளந்த கண்ணூத்து, தீ அணைந்த பன்னிரண்டாம் நாள் நின்றது. ஊற்றைச் சுற்றிப் பதினோரு மாமன்மார் நின்று வேரால் மண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் போனதும் மண் பொரிந்து சாம்பலாகச் சரிந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, கையால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, வருத்தமாகவே சொன்னார். அடுத்த வருஷம் சித்திரைக்குள் ஊற்றில் தண்ணீர் வராவிட்டால் குடியைக் கீழே இறக்குவதைத் தவிர வழியில்லை, லாரித் தண்ணீர் இந்த மேட்டில் ஏறாது, தார் ரோட்டோரம் வரிசையாக வீடு கட்டித் தருகிறோம், வீட்டுக்கு ஒரு குழாய். குடித் தலைவர் சடையாண்டி யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாத மனுஷன். மெல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார், அங்கே எங்கள் மாமன்மாருக்கும் இடம் இருக்குமா என்று. அதிகாரி, சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தே பட்டா கொடுத்துவிடலாம் என்று நம்பிக்கையூட்டிவிட்டுப் போனார்.

அவர் அனுப்பி வைத்தவர்தான் வனவர் தஸ்நேவிஸ். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இடது காது கொஞ்சம் மந்தம். கன்று நடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். கயிறு கட்டி, முளையடித்து, ராணுவம் நிற்கிற மாதிரி நேர்கோட்டில் நடுவார், நட்டதை எல்லாம் ஒரு நீளப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார். வந்த அன்றே கயிற்றை எடுத்தார். தவசியம்மா அருகில் நின்று பார்த்துவிட்டு, எங்கே எந்த மரம் நின்றது என்று நிழலே படுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டாள். தஸ்நேவிஸ் மலைச்சரிவை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருஷத்துப் பழக்கம் கையை விட மனமில்லாமல் கயிறு சற்று நேரம் தொங்கியது. பிறகு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டார், அந்த மலையில் அது மறுபடி வெளியே வரவேயில்லை.

அதன் பிறகு நடந்தது வேலை இல்லை, திருவிழா. ஒரு நிழலுக்கு ஒரு கன்று என்று கணக்கானது. ஆண்கள் உண்ணிச்செடிப் புதரை வேரோடு பிடுங்கி, அந்தக் குச்சிகளையே கட்டுக்கட்டாக ஓடை நெடுகக் குறுக்கே போட்டுக் கல் அடுக்கினார்கள், மழை வந்தால் சாம்பலும் மண்ணும் ஓடிவிடக் கூடாதே. பெண்கள் தீ எட்டாத பள்ளத்துச் சோலைக்குப் போய் விதை பொறுக்கி வந்தார்கள், தஸ்நேவிஸ் அதைப் பைகளில் முளைக்க வைத்தார். எந்தக் கொட்டையை ஊறப்போட வேண்டும், எதை வெயிலில் காயவைத்துக் கீற வேண்டும், எதைக் கரடி தின்று கழித்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பள்ளத்தில் எந்த மரத்துக்கு விதை இல்லையோ அதன் கன்றைக் கீழே நாற்றுப்பண்ணைகளில் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். சரியான கன்றைச் சரியான இடத்தில் நட்டதும் நிழல் மெல்லச் சுருண்டு எழுந்து கன்றின் தண்டில் கால் வைத்து ஏறிக்கொள்ளும், சாண் உயரக் கன்றுக்குப் பனை உயர நிழல் விழும். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லாததால் தஸ்நேவிஸ் ‘பிடித்துக்கொண்டது’ என்று மட்டும் எழுதினார்.

கடைசியாக ஊற்றுக்கு வந்தார்கள், அங்கேதான் வந்தது வினை. ஊற்றைச் சுற்றிக் கிடந்த பதினோரு நிழல்களில் ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன மரம் என்று தஸ்நேவிஸ் கேட்டார். அந்தந்த மரத்துக்கு உரியவர்களைத்தான் மரியாதைக்கு முன்னால் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து, வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு, மாமன் மரம் சார், மாமன் மரம் சார் என்றார்கள். இடது காது மந்தமான தஸ்நேவிஸ் பதிவேட்டில் ‘மாமரம் – பதினொன்று’ என்று எழுதிக்கொண்டார். மலையுச்சி ஊற்றில் இத்தனை மாமரமா என்று ஒரு யோசனை வந்திருக்க வேண்டும், வரவில்லை. குடி முழுவதும் விதை பொறுக்கப் போயிருந்த ஒரு நாளில், நல்ல ஒட்டு மாங்கன்றாகப் பார்த்துப் பதினொன்று வாங்கி வந்து, எல்லோரையும் மகிழ்விக்க வேண்டும் என்று தனியாளாகக் குழி வெட்டி நட்டு வைத்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது பதினோரு நிழல்களும், தண்ணி லாரி வரும்போது பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து ஒதுங்குவார்களே, அப்படி ஆறு தப்படி விலகி நின்றன. நடுவில் வெயில் காய்ந்த வட்டத்தில் மாங்கன்றுகள் திருதிருவென்று விழித்தன. தவசியம்மாதான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு தஸ்நேவிஸிடம் முறையை விளக்கிச் சொன்னாள். அவர் காது வரைக்கும் சிவந்துபோனார்.

பிறகு என்ன, ஒருவர் மாமன் பெயரை மற்றவர் சொல்ல வேண்டியதுதானே. சடையாண்டியின் மாமனைத் தவசியம்மா புங்கன் என்று போட்டு உடைத்தாள், சடையாண்டி பழிக்குப் பழியாக அவள் நாத்தனார் மாமனை அத்தி என்று சொன்னார். அன்று சாயங்காலம் முழுக்க அடுத்தவர் மாமன் பெயரைக் கூவிக் கூவிக் குடியே கேலியும் கூத்துமாகக் கிடந்தது. பத்து மாங்கன்று பெயர்ந்து அந்த இடத்தில் சரியான பத்துக் கன்று ஏறியது, பத்து நிழலும் வந்து கால் ஊன்றின. ஊற்று இடுக்கில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டியது. பதினொன்றாவதுதான் நகரவில்லை. ஊற்றின் வாயிலேயே நின்ற, எல்லாவற்றிலும் பெரிய மரத்தின் நிழல் அது. தவசியம்மாவின் மாமன்.

அந்த மரம் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாற்பது வருஷமாக எல்லோரும் அதைத் தவசி மாமன், தவசி மாமன் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காது குத்திய அன்று அவள் காதில் அம்மா ஒரே ஒரு தரம் சொன்னாள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. இப்போது பெயரை அறிந்த ஒரே வாய், அதைச் சொல்லக் கூடாத வாய்.

அடையாளம் சொல்லலாம் இல்லையா என்று தஸ்நேவிஸ் கேட்டார். சொல்லலாம். கொழுந்து செக்கச்செவேல் என்று இருக்கும் என்றாள். அவர் நாங்கு மரத்துக் கன்று கொண்டுவந்தார், நிழல் அசையவில்லை. இருவாச்சிப் பறவைக்கு அதன் பழம் உயிர் என்றாள். அவர் பூவங்கன்றும் கொண்டுவந்தார், அதற்கும் நிழல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டையைக் கீறினால் பால் மாதிரி வடியும் என்று சொல்லப் போய், வடிகிற பிசினின் பெயரும் மரத்தின் பெயரும் ஒன்று என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனி போய் ஆடி போய் ஆவணியும் போயிற்று. ஐப்பசி மழைக்கு முன்னால் கன்று வேர் பிடிக்காவிட்டால் ஊற்றின் வாய் மண் மொத்தமாக அரித்துக்கொண்டு போய்விடும், பிறகு சித்திரைக்கு எங்கே தண்ணீர் வருவது? இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடியில் ஒருவர்கூடத் தவசியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததாலேயே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு முன்னால் போகிற ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக, அவள் உள்ளே போய் அழுதாள்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை குளித்து, நல்ல சேலை கட்டி, ஊற்றுக்குப் போய் மாமன் நிழலில் உட்கார்ந்தாள். தகவல் தெரிந்து குடியே பின்னால் வந்து தள்ளி நின்றது. தஸ்நேவிஸ் பதிவேட்டோடு வந்தார்.

“எழுதிக்கங்க சார்,” என்றாள் தவசியம்மா. “நா ஒருத்தி வெயில்ல நிக்கிறேன். அதுக்காக இருபத்துமூணு வீடும் ரோட்டோரத்துக்குப் போகணுமா?”

வாயைத் திறந்தாள். நிழலின் இலைகள் அவள் மடியில் சலசலவென்று அசைந்தன. திறந்த வாயில் காற்றுத்தான் வந்தது.

தஸ்நேவிஸ் பதிவேட்டை மூடினார். “வேண்டாம் தவசியம்மா. நான் வேற வழி பாக்கேன். ஒரு பேருக்காக மாமனத் தொலைக்கப்படாது.”

வேற வழி என்று அவர் சொன்னதும் அவள் கை தன்னையறியாமல் இடுப்புச் சுருக்குப்பைக்குப் போயிற்று. அதில் ஒரு மூங்கில் குழல் இருந்தது. அதற்குள், காது குத்தியபோது மாமன் கொடுத்த சீர், பட்டையில் வடிந்து இறுகிய பிசின், கருப்புக் கண்ணாடித் துண்டு மாதிரி கட்டைவிரல் அளவு. தான் கண் மூடுகிற அன்று அதைத் தணலில் போட வேண்டும், வாசம் பிடித்து மாமன் வந்து கூட்டிப்போவான் என்று நாற்பது வருஷமாகக் காத்து வைத்திருந்தாள். ஒரு தரம்தான் போட முடியும்.

“செத்த பெறகு வாசம் வந்தா என்ன, வராட்டி என்ன,” என்று தனக்கே சொல்லிக்கொண்டு, வாசத்தை வைத்தாவது யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று தணல் கேட்டாள்.

அந்தத் தீக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே யாரும் நெருப்பை எடுத்ததில்லை. எல்லோரும் வனவரைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார். சடையாண்டி வீட்டு அடுப்பிலிருந்து ஓட்டுச்சில்லில் மூன்று தணல் வந்தது, சுற்றிலும் ஆறு பேர் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். தவசியம்மா கருப்புத் துண்டைப் போட்டாள். அது உருகிச் சீறி, வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழுந்து, ஊற்றைச் சுற்றிப் பரவி, நிழல்களின் கிளைகளுக்குள் நுழைந்து, குடியின் இருபத்துமூன்று வீட்டுக் கூரையையும் தொட்டுவிட்டு வந்தது.

தஸ்நேவிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

“இது எங்க மாமா வாசம்லா,” என்றார். “என்னை வளத்தது எங்க மாமாதான். அவரு ஓடாவி, தோணி கட்டுத ஆசாரி. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி ஏறாம இருக்க, பஞ்ச வச்சு, இதத்தான் எண்ணெயில காய்ச்சி ஊத்துவாரு. அவரு சட்டையில, தலைமுடியில, சோறு பெசைஞ்சு தார கையில, எல்லாத்துலயும் இந்த வாசந்தான். மலையிலேருந்து வருதுன்னு சொல்லுவாரு. கருங்குங்கிலியம்.”

பெயர் காற்றில் விழுந்ததும் தவசியம்மா, புருஷன் பெயரை யாரோ சபையில் சொல்லக் கேட்ட புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்து சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நிழல்தான் ஓரடி முன்னால் வந்தது.

தஸ்நேவிஸ் அன்றே கிளம்பி, மூன்று பஸ் மாறி, வேறொரு மலையின் நாற்றுப்பண்ணையில் ஒற்றைக் கன்றை வாங்கி, வருகிற வழியெல்லாம் மடியிலேயே வைத்து, ஒரு குலுக்கலுக்கும் விடாமல் கொண்டு வந்தார். அவர் குழி வெட்ட, தவசியம்மா நட்டாள். அத்தனை நாளும் தள்ளி நின்ற நிழல், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார வருகிற பெரிய மனுஷனைப் போல நிதானமாக வந்து, கன்றில் ஏறிக்கொண்டு, கிளை பரப்பி, முதல் இலையை அவள் தோளில் போட்டது.

நான்காம் நாள் முக்காட்டு மலை கருமேகத்தால் முக்காடு போட்டுக்கொண்டது. மழை என்றால் அப்படி ஒரு மழை. கல் தடுப்புகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் கசியவிட்டன, நிழல்கள் மழையை இலை இலையாக வாங்கிச் சொட்டுச் சொட்டாக இறக்கின, கார்த்திகையில் ஒரு காலை ஊற்றின் இடுக்கில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தை முடியும்போது கீழே மூன்று கண்மாயும் நிரம்பியிருந்தன.

பிடுங்கிய மாங்கன்றுகளின் கதையும் பாக்கியிருக்கிறது. பத்தைக் கீழூர்க்காரர்கள் ஆசையாக வாங்கிப்போனார்கள். ஒன்றைக் கொடுக்க மனமில்லாமல், அது என்ன பாவம் செய்தது என்று தஸ்நேவிஸ் குடிக்குள் ஏறுகிற வழியோரத்தில் நட்டு வைத்தார். பொங்கலுக்கு மறுநாள் சடையாண்டி அவரைக் கூப்பிட்டு, மாமன் இல்லாத ஆள் எத்தனை நாள் இந்தக் குடியில் இருக்க முடியும் என்று கேட்டு, அந்தக் கன்றின் பக்கத்தில் ஐம்பத்திரண்டு வயது மனுஷனை உட்கார வைத்து, இடது காதைக் குத்திவிட்டார். குடியே குலவை போட்டது. தூத்துக்குடியிலிருந்து போனில் அவர் மனைவி அரைமணி நேரம் திட்டியதை அவர் மந்தமான காதில் வைத்துக் கேட்டார், சிரித்துக்கொண்டே.

சித்திரையில் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஊற்றைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். சாண் உயரக் கன்றின் அடியில், தொண்ணூறு அடி மர நிழலில், தவசியம்மா கொடுத்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டார். குடியை இறக்குகிற காகிதத்தை அவரே நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, அதைப் பற்றி இனிப் பேச்சில்லை என்று சடையாண்டியிடம் சொன்னார். பிறகு பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துப் பாராட்டிக்கொண்டே வந்தவர், ஜீப்புக்குப் போகிற வழியில் கடைசி வரியில் நின்றார். அத்தனை அழகான கையெழுத்தில் ‘மாமன் மரம் – ஒன்று’ என்று எழுதியிருந்தது.

இப்படி ஒரு மரம் உண்டா என்று கேட்டார். தஸ்நேவிஸ் வழியோரத்துக் கன்றைக் காட்டினார். அதிகாரி குனிந்து ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

“என்னய்யா, இது மாமரம்தானே?”

தஸ்நேவிஸ் கையிலிருந்த துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். முழங்கால் உயரம்கூட வராத கன்றின் கையகல நிழல் அவர் பாதத்தின் மேல் கிடந்தது. காலை எடுக்காமல் நின்றார்.

“நீங்க சொல்லலாம் சார்,” என்றார். “நான் சொல்லப்படாது.”